டிசம்பர் 22 சாயங்காலம் ஜிஎஸ்டி ரோட்ல இறங்குனா என்ன ஆகும்

எங்க ஊரு கன்னியாகுமரி மாவட்டத்துல தக்கலை பக்கம், வேல சென்னைல, குடியிருக்கறது குரோம்பேட்டைல. வருஷம் பூரா எங்க இருந்தாலும் டிசம்பர் 24 ராத்திரி பூசைக்கு அம்மா பக்கத்துல நிக்கணும், அது எங்க வீட்ல எழுதாத சட்டம். ட்ரெயின் டிக்கெட்ட பத்தி பேசவே வேணாம், கன்னியாகுமரி எக்ஸ்பிரஸும் அனந்தபுரியும் புக்கிங் திறந்த கொஞ்ச நேரத்துல வெயிட்டிங் லிஸ்ட் ஆயிடும், 2024 நவம்பர்லேர்ந்து 120 நாள் முன்பதிவ 60 நாளா குறைச்சும் எனக்கு ஒரு லாபமும் தெரியல. அதனால கார்தான், சென்னைலேர்ந்து தெக்க போற ஜிஎஸ்டி ரோட்ட புடிச்சு. 700 கிலோமீட்டருக்கு கிட்ட. சாதா நாள்ல சாப்பாடு டீ எல்லாம் சேத்து 11, 12 மணி நேரம். 2023ல எனக்கு 19 மணி நேரம் ஆச்சு, அதுல பாதி என் முட்டாள்தனம், அத சொல்லத்தான் இத எழுதறேன்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் திங்கக்கிழம. வெள்ளி 22ஆம் தேதி பொண்ணுக்கு அரையாண்டு பரீட்சை முடியுது, சனி ஞாயிறு லீவு, அப்போ வெள்ளி சாயங்காலம் கிளம்பறதுதான புத்திசாலித்தனம்? சென்னைல இருக்கற எல்லாருக்கும் அதே புத்திசாலித்தனம் இருந்துச்சு. நான் கணக்குல எடுக்காத இன்னொண்ணு, மறுநாள் 23 சனிக்கிழம வைகுண்ட ஏகாதசி. சீரங்கம் சொர்க்கவாசலுக்கு போற கூட்டம் மொத்தமும் எனக்கு முன்னாடி அதே ரோட்ல. அதோட மண்டல பூஜைக்கு போற ஐயப்ப சாமி வேன்கள், மேல்மருவத்தூருக்கு செவ்வாடை கட்டிட்டு போற சக்திமால பஸ்கள், வேளாங்கண்ணிக்கு ஒரு கூட்டம், பாண்டிச்சேரிக்கு ஒரு கூட்டம், கொடைக்கானலுக்கு ஒரு கூட்டம். தீபாவளி பொங்கல்னா எல்லாரும் ஊருக்கு போறாங்க, போலீஸும் அதுக்கு தயாரா நிப்பாங்க, ஸ்பெஷல் பஸ் விடுவாங்க, ரூட்ட மாத்தி விடுவாங்க. கிறிஸ்துமஸ் அப்படி கிடையாது, யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க, ஆனா அஞ்சாறு வேற வேற கூட்டம் ஒரே ராத்திரில ஒரே ரோட்ல சேந்துடும். இத புரிஞ்சிக்கவே எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

நாலு மணிக்கு கிளம்பணும்னு பிளான். ஆபீஸ்ல ஒரு கால், அது முடிய அஞ்சே முக்கால், வண்டில ஏறும்போது ஆறேகால். தாம்பரம் வரைக்கும் கூட பரவால்ல. பெருங்களத்தூர்ல போய் நின்னது நின்னதுதான். அப்போ கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் திறக்கல, அது அந்த டிசம்பர் 30தான் திறந்தாங்க, அதனால கோயம்பேட்லேர்ந்து வர்ற அரசு பஸ்ஸு ஆம்னி பஸ்ஸு எல்லாம் பெருங்களத்தூர்ல நிறுத்தி ஆள் ஏத்தும். ரோட்டுல மூணு லேன் இருந்தா ரெண்டு லேன்ல பஸ்ஸு, மிச்சம் ஒண்ணுல பாதில ஜனங்க, தலைல சூட்கேஸ் வெச்சிட்டு, கைல குழந்தைய புடிச்சிட்டு, எந்த பஸ்ஸு எந்த ஊருக்குன்னு எட்டிப் பாத்துட்டு திடீர்னு வண்டிக்கு முன்னாடி ஓடுவாங்க. நம்ம வண்டி பழைய மேனுவல். கிளட்ச் அமுத்தி அமுத்தி இடது முட்டி வண்டலூர் வர்றதுக்குள்ள போச்சு.

இங்க ஒரு விஷயம், எனக்கு எங்க ஊரு மெக்கானிக் அண்ணன் அப்புறம் சொன்னது. ஜாம்ல முன்னாடி வண்டி ரெண்டடி நகந்தா நாமளும் ரெண்டடி நகரக்கூடாது. கொஞ்சம் இடம் விட்டு, ஒரு வண்டி நீளம் ஆனதும் ஃபர்ஸ்ட் கியர்ல கிளட்ச முழுசா விட்டு மெதுவா உருட்டணும், பாதி கிளட்ச்ல தொங்கவிட்டா கருகுன வாசன வரும், அந்த வாசன வந்துச்சுன்னா உங்க காசு கருகுதுன்னு அர்த்தம்னாரு. இடம் விட்டா பக்கத்துல இருக்கறவன் பூந்துடுவான், ஆமா பூந்துடுவான், பூரட்டும். செங்கல்பட்டு வரைக்கும் எத்தன பேரு பூந்தாலும் அஞ்சு நிமிஷம்தான் வித்தியாசம், நான் எண்ணிப் பாத்திருக்கேன்.

ஊரப்பாக்கம் தாண்டி கூகுள் மேப்ஸ் ஆச காட்டுச்சு. "22 நிமிடம் மிச்சம்"னு ஒரு கோடு, மெயின் ரோட்ட விட்டு உள்ள திரும்பி கூடுவாஞ்சேரி பக்கமா சுத்தி வர்ற வழி. வீட்டம்மா "வேணாங்க, நேரா போங்க"ன்னா. நான் கேக்கல. உள்ள திரும்புன முதல் 500 மீட்டர் சொர்க்கம். அப்புறம் பாத்தா எனக்கு காட்டுன அதே கோட்ட எனக்கு முன்னாடி 60, 70 பேருக்கு காட்டிருக்கு. தெரு ஒரு கார் போற அகலம், ஒரு பக்கம் சாக்கடை, எதுக்க ஒரு தண்ணி லாரி. லாரிக்காரர் இறங்கி வந்து, கோவமே படாம, "சார் நான் டெய்லி வர்ற ரோடு சார் இது, நீங்கல்லாம் எங்கேர்ந்து சார் வரீங்க"ன்னு கேட்டாரு. பதில் இல்ல. ஒவ்வொரு வண்டியா ரிவர்ஸ் எடுத்து, யாரோ ஒரு வீட்டு கேட் வரைக்கும் பின்னாடி போய், லாரிய விட்டு, மறுபடி ஜிஎஸ்டி ரோட்ல வந்து ஏறும்போது நாப்பத்தஞ்சு நிமிஷம் அம்பேல். திரும்பி பாத்தா உள்ள போறதுக்கு முன்னாடி எனக்கு முன்னால நின்ன சாமி வேன், பின்னாடி ஆரஞ்சு கலர் கொடி கட்டுனது, மறைமலைநகர் தாண்டி ரொம்ப தூரம் போயிருக்கும்.

வழிய மாத்தணும்னா வீட்ட விட்டு கிளம்பும்போதே மாத்தணும், நடுவுல கூடாது. எங்களுக்கு இருக்கறது வண்டலூர் கேளம்பாக்கம் ரோட்ல போய் திருப்போரூர் வழியா செங்கல்பட்டு வர்றது, பண்டிக நாள்ல போலீஸே இந்த வழியத்தான் போக சொல்லுவாங்க, பரனூர் டோலும் மிச்சம். தூரம் அதிகம்தான், ஆனா வண்டி ஓடிட்டே இருக்கும். ஈசிஆர்ல போய் மரக்காணம் வழியா திண்டிவனம் புடிக்கறது இன்னொண்ணு, ஆனா வெள்ளிக்கிழம சாயங்காலம் மாமல்லபுரம் பாண்டிச்சேரி கூட்டம் அதுல இருக்கும், வார நாள்னா மட்டும் யோசிக்கலாம்.

பரனூர் டோல்ல பத்தர. அதாவது குரோம்பேட்டைலேர்ந்து ஒரு 30 கிலோமீட்டருக்கு நாலேகால் மணி நேரம். எனக்கு முன்னாடி நின்ன கார்ல ஃபாஸ்டேக்ல காசு இல்ல, டோல்காரர் டபுள் கட்டணும்ங்கறாரு, இவரு முடியாதுங்கறாரு, பின்னாடி ஹாரன் காது கிழியுது. கிளம்பறதுக்கு முந்தின நாளே பேலன்ஸ பாத்து, கேஒய்சி ஓகேவான்னும் பாத்து வெச்சிடுங்க, அன்னைக்கு ராத்திரி போன்ல ரீசார்ஜ் பண்ணா சில நேரம் உடனே ஏறாது. அப்புறம் ரூல் கொஞ்சம் மாறுச்சு, 2025 நவம்பர் 15லேர்ந்து ஃபாஸ்டேக் வேல செய்யலன்னா கேஷ்னா ரெண்டு மடங்கு, யுபிஐ-ல கட்டுனா ஒண்ணேகால் மடங்குன்னு ஆக்குனாங்க. எங்க வழில பரனூர்ல ஆரம்பிச்சு நாங்குநேரி வரைக்கும் ஒரு டஜன் டோல் இருக்கு. 3000 ரூபா வருஷ பாஸ் வந்ததும், 2025 ஆகஸ்ட் 15லேர்ந்து, நான் வாங்கிட்டேன், 200 தடவ கணக்கு, ஒருக்கா ஊருக்கு போய்ட்டு வந்தா இருபத்திநாலு போகும், எங்கள மாதிரி ஆளுக்கு லாபம். ஆனா க்யூ ஒண்ணும் குறையாது, அத நம்பாதீங்க.

சரி, இப்போ முக்கியமான விஷயத்துக்கு வரேன். ஜாம்ல நின்ன வரைக்கும் எனக்கு எதுவும் ஆகல. எரிச்சல், முட்டி வலி, பொண்ணு ஒரு தடவ வாந்தி, அவ்வளவுதான். ஜாம்ல இருபது கிலோமீட்டர் வேகத்துல இடிச்சா பம்பர்தான் போகும். வினை ஆரம்பிச்சது ரோடு காலி ஆனதுக்கு அப்புறம்.

மேல்மருவத்தூர் தாண்டுனதும் ரோடு திறந்துடுச்சு. நாலு மணி நேரம் கட்டிப்போட்ட நாய அவுத்து விட்ட மாதிரி எல்லா வண்டியும் பறக்குது, நானும்தான். மண்டைக்குள்ள ஒரே கணக்கு, எப்படியாச்சும் அந்த நாலு மணி நேரத்த புடிக்கணும். விக்கிரவாண்டி தாண்டி 110, உளுந்தூர்பேட்டைல ஒரு மோட்டல்ல நிறுத்துனோம், பத்து ஆம்னி பஸ் நிக்குது, டாய்லெட்டுக்கு பொம்பளைங்க க்யூ வாசல் வரைக்கும், ஒரு பரோட்டாவுக்கு அர மணி நேரம். அந்த அர மணி நேரமும் என் கணக்குல கடனா ஏறுச்சு. மறுபடி கிளம்பி 120.

தொழுதூர் தாண்டி, மணி ரெண்டே முக்கால் இருக்கும். பொண்ணு பின்னாடி தூங்கறா, வீட்டம்மா தூங்கறா. பனி லேசா எறங்கிருக்கு. எனக்கு தூக்கமெல்லாம் இல்லன்னுதான் நெனச்சேன், ஆனா கடைசியா தாண்டுன ஊரு என்னன்னு கேட்டிருந்தா சொல்லிருக்க முடியாது. எனக்கு முன்னாடி ஒரு ஆம்னி பஸ் போய்ட்டு இருந்துச்சு, திடீர்னு வலது பக்கம் வெட்டுச்சு. பஸ் வெட்டுன இடத்துல ஒரு லாரி நிக்குது. நிக்குது, ஓடல. இடது லேன்ல, பின்னாடி ஒரு லைட்டு கிடையாது, ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் மேல சேறு, ஒரு முக்கோணம் கிடையாது, ஒரு வேப்பங்கொளய ஒடிச்சு ரோட்ல போட்டிருந்தாங்க, அவ்வளவுதான் எச்சரிக்க. நான் ஸ்டியரிங்க ஒடிச்சது எனக்கு ஞாபகம் இல்ல. கொள டயர்ல ஏறுன சத்தம் ஞாபகம் இருக்கு. லாரியோட பின் பலகைல எழுதியிருந்தது கூட படிக்க முடிஞ்சுது, "மெதுவாக செல்"னு. என் இடது பக்க கண்ணாடி மடங்கி போயிருந்துச்சு, உடையல, மடங்கி இருந்துச்சு, எதுல பட்டுச்சுன்னு தெரியல.

120ல போனா ஒரு செகண்டுக்கு 33 மீட்டர். லோ பீம் வெளிச்சம் எவ்வளவு தூரம் விழும், பனில இன்னும் எவ்வளவு குறையும்னு நீங்களே ஒரு ராத்திரி பாருங்க. நான் அந்த பஸ்ஸுக்கு பின்னாடி ஒட்டி போனதால பஸ் வெட்டுனப்புறம்தான் எனக்கு லாரி தெரியும், பஸ் டிரைவர் ஒசரத்துல உக்காந்திருக்காரு, அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும். பெரிய வண்டி பின்னாடி ஒளிஞ்சு போனா பாதுகாப்புன்னு நெனைக்கறவங்க நெறைய பேரு, இடைவெளி விட்டு போனா சரி, ஒட்டிக்கிட்டு போனா அவன் தப்பிச்சுக்குவான், நாம போவோம்.

அடுத்த பங்க்ல ஓரம் கட்டி லைட்ட அணைச்சேன், கை நடுங்குது. வீட்டம்மா முழிச்சு "எங்கங்க இருக்கோம்"னா. "டீ குடிக்க நிறுத்துனேன்"னேன். லாரி விஷயத்த அவகிட்ட ஜனவரில சென்னை திரும்புன அப்புறம்தான் சொன்னேன். 1033க்கு அடிச்சு, ஹைவே ஹெல்ப்லைன், லாரி நிக்கற இடத்த சொன்னேன், கிலோமீட்டர் கல்லு நம்பர் கேட்டாங்க, எனக்கு எப்படி தெரியும், எந்த டோல் தாண்டி எவ்வளவு நேரம்னு சொன்னேன், குறிச்சிக்கிட்டாங்க. இப்போல்லாம் ஏதாச்சும் சந்தேகமா இருந்தா பக்கத்துல இருக்கறவங்கள கல்ல படிக்க சொல்றேன். அப்புறம் சீட்ட சாச்சு அஞ்சு மணி வரைக்கும் தூங்குனேன், அந்த பங்க்ல எனக்கு முன்னாடியே நாலு சாமி வேன் நின்னுச்சு, டிரைவருங்க எல்லாம் ஸ்டியரிங் மேல கால் போட்டு தூங்கறாங்க. அவங்க தொழில் தெரிஞ்சவங்க.

உக்காந்து கணக்கு போட்டு பாத்தேன் அப்புறம். 100 கிலோமீட்டர 120ல போனா 50 நிமிஷம், 90ல போனா 67 நிமிஷம். பதினேழு நிமிஷம். அதுவும் நூறு கிலோமீட்டரும் ஒரு தட்டு இல்லாம 120ல போனாத்தான், நடுவுல ரெண்டு ஊரு, ஒரு டோலு வந்தா அது பத்து நிமிஷம் ஆயிடும். ஜாம்ல போன நாலு மணி நேரத்த ஹைவேல புடிக்கவே முடியாது. அது போச்சு, செலவு கணக்குல எழுதிட வேண்டியதுதான். கிளம்பும்போதே வீட்ல "லேட் ஆகும், எப்போன்னு கேக்காதீங்க"ன்னு சொல்லிடறதும் இதுக்குத்தான், ஏன்னா நாம வேகமா ஓட்டறது பாதி நேரம் அந்த போனுக்கு பயந்துதான்.

மிச்ச வழி சொல்ல பெருசா இல்ல. திருச்சி பைபாஸ்ல காலைல ஆறரைக்கு பெருமாள் சேவிச்சிட்டு திரும்புற வண்டிங்க, மேலூர்ல இட்லி, அப்புறம் வெயில். கயத்தாறு தாண்டி "வெள்ள நிவாரணம்"னு பேனர் கட்டுன லாரிங்க வரிசையா. அதுக்கு அஞ்சு நாள் முன்னாடிதான், 17, 18 தேதில, நெல்லை தூத்துக்குடி பக்கம் அந்த பேய் மழை, காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். தாமிரபரணி பாலத்து மேல எல்லாரும் தானா ஸ்லோ பண்ணி கீழ பாத்துட்டு போனாங்க, கரைல மரத்து கிளைங்கள்ல துணி சுத்திட்டு தொங்குச்சு. வீடு போய் சேரும்போது மத்தியானம் ஒண்ணேகால்.

2024ல கிறிஸ்துமஸ் புதன்கிழம, பொண்ணுக்கு திங்க வரைக்கும் பரீட்ச. திங்க சாயங்காலம் கிளம்பல. வீட்டம்மா தம்பி கூட வந்தான், ஓட்டத் தெரிஞ்ச ரெண்டாவது ஆளு, இதவிட பெரிய சொத்து அந்த ரோட்ல கிடையாது. எட்டு மணிக்கே சாப்ட்டு படுத்து, 24 விடிகால மூணரைக்கு வண்டி எடுத்தோம். நாலு மணிக்கு பெருங்களத்தூர் காலி, நம்பவே முடியல, ஒரு நாய் நிதானமா ரோட்ட கடக்குது. பெட்ரோல், டயர் காத்து, வைப்பர் தண்ணி எல்லாம் முந்தின நாள். பெரிய மோட்டல் எதுலயும் ஏறல, புளியோதரை, வேக வெச்ச முட்டை, பிளாஸ்க்ல காபி, பாத்ரூமுக்கு டோல் பக்கத்துல இருக்கறதோ பெரிய பங்க்கோ. விடியும்போது கண்ணாடில மூச்சு பட்டு மங்கும், துணிய எடுத்து தொடைக்காதீங்க, ஏசிய போட்டு காத்த கண்ணாடி பக்கம் திருப்புங்க, அர நிமிஷத்துல தெளிஞ்சிடும். பனி இருந்தா லோ பீம்தான், ஹை பீம் போட்டா வெள்ளச் செவுரு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா ஆள் மாத்துனோம். மச்சான் 100 தாண்டுனா நான் தொண்டைய கனைப்பேன், அவனும் "சரி அத்தான்"னு குறைச்சிடுவான். ஆரல்வாய்மொழி காத்தாலைங்கள பாக்கும்போது மணி ரெண்டர.

அங்கதான் அடுத்த பாடம். ஊரு வந்தாச்சுன்னு நெனைக்கற அந்த கடைசி 30 கிலோமீட்டர். நாலு வழிச்சால முடிஞ்சு பழைய ரெண்டு வழி ரோடு, கேரளா போற டாரஸ் லாரி, கன்னியாகுமரி பாக்க வந்த டூரிஸ்ட் பஸ், அதுக்கு நடுவுல மாவட்டமே கடைசி நேர கேக்குக்கும் துணிக்கும் ஸ்டாருக்கும் ரோட்ல இறங்கிருக்கு. மச்சானுக்கு சட்ட எடுக்கணும்னு செட்டிக்குளம் பக்கம் வண்டிய விட்டோம், பெரிய தப்பு, வெளிய வர்றதுக்குள்ள இருட்டிருச்சு. டிசம்பர் 24 சாயங்காலம் நாகர்கோவிலுக்குள்ள கார் எடுத்துட்டு போகாதீங்க, வாங்க வேண்டியத வர்ற வழில வாங்கிடுங்க, இல்லன்னா வீட்டுக்கு போய்ட்டு பைக்ல வாங்க.

பார்வதிபுரம் பாலம் இறங்கி சுங்கான்கடை தாண்டி வில்லுக்குறிக்கு முன்னாடி மொத்தமா நின்னுடுச்சு. முன்னாடி கிறிஸ்துமஸ் பாட்டு பாடிட்டு போற ஒரு கேரல் டெம்போ, சீரியல் லைட்டு, ஸ்பீக்கர், கூட நடந்து வர்ற பசங்க. யாரும் ஹாரன் அடிக்கல, அத கவனிச்சேன், பெருங்களத்தூர்ல இதே ஜாம்னா காது போயிருக்கும். கிறிஸ்துமஸ் தாத்தா டெம்போலேர்ந்து இறங்கி ஒவ்வொரு வண்டியா வந்து ஜன்னல் வழியா முட்டாய் குடுத்தாரு, ரப்பர் மொகமூடிக்கு கீழ கழுத்தெல்லாம் வேர்வ. பொண்ணு வாங்கிட்டு கண்ணாடிய ஏத்துன ஒடனே சொன்னா, "அப்பா, தாத்தா கைல ஸ்மார்ட் வாட்ச் கட்டிருக்காரு."

அம்மா போன். சொன்னா கேட்டாத்தான.

"மக்களே, எங்க நிக்க?"

"வில்லுக்குறிம்மா."

"அப்போ இன்னா வந்தாச்சு. மீன் கொழம்ப சூடாக்குதேன்."

வில்லுக்குறிலேர்ந்து எங்க வீடு பத்து நிமிஷம். ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் கழிச்சு போய் இறங்குனோம். கொழம்ப மூணு தடவ சூடு பண்ணி, வத்தி, சட்டி அடில ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. மச்சான் சட்டியையே இழுத்து வெச்சு சோத்த போட்டு பெசஞ்சான்.